திருப்பூருக்கு ஒரே ஒரு ஞாயிறு: கோடையில் ஒருநாள் பயணம் எங்கே போகலாம், எப்படிப் பத்திரமாகத் திரும்பலாம்?

சனிக்கிழமை சாயங்காலம். வாரச் சம்பளம் கைக்கு வந்ததும் பனியன் கம்பெனி வாசலிலும், டீக்கடை பெஞ்சிலும், லைன் வீட்டு முற்றத்திலும் ஒரே பேச்சுதான். “நாளைக்கு எங்கீங்க போறது?” “அமராவதி டேமுக்குப் போலாமுங்க.” “போன வாரந்தான போனோம், கொடிவேரி போலாம்.” “செரி, வண்டி யாரு பேசறது?”

ஆறு நாளும் பவர் டேபிளின் இரைச்சல். அயர்ன் டேபிளின் ஆவி. தகரக் கூரை போட்ட யூனிட்டாக இருந்தால் ஃபேன்கூட அனல் காற்றைத்தான் வீசும். அதற்கு நடுவில் கிடைக்கிற ஒரே ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க வேண்டும், கறி எடுக்க வேண்டும், தூங்க வேண்டும். அதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டுக் குழந்தைகளோடு எங்காவது ஒரு தண்ணீர்க் கரையில் போய் உட்கார வேண்டும் என்று மனசு சொல்வதில் தப்பே இல்லை.

எங்கே போகலாம் என்று சொல்ல ஆயிரம் ரீல்ஸ் இருக்கின்றன. போன அத்தனை பேரும் பத்திரமாக வீடு திரும்ப என்ன செய்ய வேண்டும் என்று சொல்பவை குறைவு. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

ஊருக்குள் ஆறு இருக்கும்போது ஏன் நூறு கிலோமீட்டர் போகிறோம்?

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை வழியாக வந்து திருப்பூரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. ஆற்றங்கரை ஊர்தான் நம்முடையது. ஆனால், கோடை விடுமுறைக்கு யாரும் “நொய்யலுக்குப் போலாம்” என்று சொல்வதில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பின்னலாடைத் தொழில் வளர வளர, சாய, சலவைப் பட்டறைகளின் கழிவும் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிப் போனது. கீழே இருந்த கிணறுகளும் நிலங்களும் கெட்டன. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகளுக்கு மட்டுமே அதன் பிறகு அனுமதி.

அதன்பின் நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. இருந்தாலும் குழந்தையை இறக்கிக் குளிக்க வைக்கிற ஆறாக நொய்யல் திரும்பவில்லை. அதனால்தான் ஞாயிறுதோறும் நம்ம ஊர் வண்டிகள் தெற்கே அமராவதிக்கும் திருமூர்த்தி மலைக்கும், வடக்கே பவானி ஆற்றுக்கும் ஓடுகின்றன. இந்த அலைச்சலுக்குப் பின்னால் இருப்பது தண்ணீர் ஏக்கம். அந்த ஏக்கம்தான் கரையைக் கண்டதும் யோசிக்காமல் இறங்கவும் வைக்கிறது.

முதல் கணக்கு: எவ்வளவு தூரம் உடம்பு தாங்கும்?

ஒருநாள் பயணத்துக்குக் கிலோமீட்டர் கணக்கைவிட நேரக் கணக்குதான் முக்கியம். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம் என்றால் ஐந்து மணி நேரம் வண்டியிலேயே போய்விடுகிறது. அதற்கு மேல் போனால் அது ஓய்வாக இருக்காது, இன்னொரு ஷிப்ட்தான். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மறுபடி மிஷினில் உட்கார வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட் முடித்து, நள்ளிரவில் படுத்து, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பைக்கின் ஹேண்டில்பாரைப் பிடிப்பவர்கள் நம்ம ஊரில் ஏராளம். கண் எரிந்தபடி பல்லடம் தாண்டுவதற்குள் தூக்கம் அழுத்தும். தூக்கம் விரட்ட டீ குடித்தால் அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். வண்டி ஓட்டுகிறவர் முந்தின நாள் இரவு வேலை பார்க்காதவராக இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் கறாராக வைத்துக்கொண்டாலே பாதி ஆபத்து குறைந்துவிடும்.

அடுத்தது வண்டி. பீஸ் கட்டு ஏற்றுகிற குட்டியானையிலேயே பின்னால் இருபது பேர் ஏறிப் போகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. சரக்கு வண்டியில் ஆளை ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் இழப்பீடு கேட்பதும் பெரும் சிக்கலாகிவிடும். ஆளுக்கு நூறு ரூபாய் அதிகம் ஆனாலும் மஞ்சள் போர்டு வேனைப் பேசுங்கள். இல்லையா, திருப்பூரிலிருந்து பல்லடம், உடுமலை, கோபி எல்லாவற்றுக்கும் அரசு பஸ் இருக்கிறது.

10 கிலோமீட்டரில் ஒரு ராம்சார் தலம்

“எங்கயுமே தூரமாப் போக முடியாதுங்க, அரை நாள்தான் கைல இருக்குது” என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி போகும் வழியில், சுமார் 10 கிலோமீட்டரில், சர்க்கார் பெரியபாளையம் அருகே இருக்கிறது நஞ்சராயன் குளம். பல நூற்றாண்டுகளுக்கு முன் இதைச் சீரமைத்ததாகச் சொல்லப்படும் நஞ்சராயன் என்ற மன்னரின் பெயரால் வழங்கும் ஏரி. தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்ட்டில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 125 ஹெக்டேர் பரப்பு. 190-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன.

மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகூட இங்கே வந்து போகிறது. ஆனால், அது குளிர்கால விருந்தாளி. மே மாதத்தில் தேடாதீர்கள். கோடையில் நீர்க்காகம், கூழைக்கடா, முக்குளிப்பான், நாரை, கொக்கு என்று உள்ளூர்ப் பறவைகள் இருக்கும். காலை ஆறு மணிக்குப் போனால் ஒன்பதுக்குள் திரும்பிவிடலாம். குழந்தைகளுக்கு ஒரு பைனாகுலர் கிடைத்தால் போதும், செல்போனை மறந்துவிடுவார்கள்.

இங்கே குளிக்கக் கூடாது, பாட்டு போடக் கூடாது, பொரிகடலையைத் தண்ணீரில் வீசக் கூடாது. பறவைக்கு நாம் செய்கிற ஒரே உபகாரம் சத்தமில்லாமல் இருப்பதுதான். அப்படியே பக்கத்தில் இருக்கும் பழமையான சுக்ரீஸ்வரர் கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம். கருங்கல் மண்டபத்தின் குளுமை எந்த ஏசிக்கும் குறைந்ததல்ல.

காங்கயம் பக்கம் போகிறவர்களுக்குச் சிவன்மலையும் ஊதியூர் மலையும் இருக்கின்றன. சிவன்மலையில் பக்தரின் கனவில் வந்ததாகச் சொல்லப்படும் பொருளை வைத்துப் பூசிக்கும் ‘ஆண்டவன் உத்தரவுப் பெட்டி’ பிரசித்தம். இரண்டுக்குமே விதி ஒன்றுதான்: வெயில் ஏறுவதற்குள் மலை ஏறி இறங்கிவிட வேண்டும்.

அமராவதி: அழகான அணை, உள்ளே முதலை

உடுமலையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், மூணாறு சாலையை ஒட்டி இருக்கிறது அமராவதி அணை. 1950-களின் இறுதியில், காமராஜர் ஆட்சியில் கட்டி முடிக்கப்பட்டது. 90 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். பாம்பாறு, சின்னாறு, தேனாறு ஆகியவை இதற்குத் தண்ணீர் கொண்டு வருகின்றன. பின்னணியில் ஆனைமலைத் தொடர், எதிரே பரந்த நீர்ப்பரப்பு, கரையில் சுடச்சுட வறுத்துத் தரும் அணை மீன். திருப்பூர்க் குடும்பங்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அருகிலேயே 1970-களில் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணை இருக்கிறது. கம்பி வேலிக்குள் வாய் திறந்து கிடக்கும் நன்னீர் முதலைகளைக் குழந்தைகள் ஆவலாகப் பார்ப்பார்கள். பலர் யோசிக்காத விஷயம் இதுதான்: பண்ணையில் மட்டுமல்ல, அணையின் நீர்த்தேக்கத்திலும் முதலைகள் இயற்கையாகவே வாழ்கின்றன. அணைக்குள் இறங்கிக் கால் நனைப்பது, கரையோரம் செல்ஃபி எடுக்க ஒதுங்குவது இரண்டும் வேண்டாம். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது தெரிகிற வண்டல் தரை உறுதியாகத் தெரியும். கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும்.

அமராவதியிலிருந்து மேலே சின்னாறு வழியாக மறையூர் போக ஆசைப்படுபவர்கள், ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் யானைக் காட்டுக்குள் நுழைகிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நடுவில் வண்டியை நிறுத்தாதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், யானையைக் கண்டால் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். இருட்டுவதற்கு முன் கீழே வந்துவிடுங்கள்.

திருமூர்த்தி மலை: கீழே வெயில், மேலே மழை

உடுமலையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டத்தின் முக்கியமான அணை, மலையடிவாரத்தில் அமணலிங்கேஸ்வரர் கோயில், அதற்கு மேலே நடந்து போனால் பஞ்சலிங்க அருவி. சாமி கும்பிடவும் குளிக்கவும் ஒரே இடம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவே இருக்காது.

இங்கேதான் கோடையின் பெரிய தந்திரம் ஒளிந்திருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் சமவெளியில் வெயில் கொளுத்தும்போது, பிற்பகலில் மலை மேல் இடிமேகம் திரள்கிறது. மேலே ஒரு மணி நேரம் கொட்டிய மழை, செங்குத்தான பாறைச் சரிவில் ஊறி நிற்க இடமில்லாமல் அப்படியே ஓடைக்குள் இறங்குகிறது. கீழே குளித்துக்கொண்டிருப்பவர் தலையில் ஒரு தூறல்கூட விழுந்திருக்காது. ஆனால், சில நிமிடங்களில் கணுக்கால் தண்ணீர் இடுப்பளவுக்கு வந்துவிடும். திருமூர்த்தி மலையில் வெள்ளம் அடிவாரக் கோயிலையே சூழ்ந்து நின்ற நாட்கள் உண்டு.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததும் இதுதான். திடீர் வெள்ளம் அருவியில் பாய்ந்தது, குளிக்க வந்த 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மற்றவர்கள் படிக்கட்டில் விழுந்தடித்து ஓடிய வீடியோவை நாடே பார்த்தது.

அறிகுறிகள் உண்டு. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கிச் செம்மண் நிறமாகும். இலை, சுள்ளி, நுரை மிதந்து வரும். அருவியின் சத்தம் கனக்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் அப்போதே வெளியே வந்து, ஓடையை விட்டு விலகி மேடான இடத்துக்கு ஏறுங்கள். துணிப்பை, செருப்பு, செல்போன் எதற்காகவும் திரும்பாதீர்கள். “வனத்துறை குளிக்க விடலீங்க, சும்மா கெடுபிடி பண்றாங்க” என்று சலித்துக்கொள்வதற்கு முன், மேலே பெய்கிற மழை நமக்குத் தெரியாது, அவர்களுக்குத் தகவல் வரும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் அருவியில் இருக்க வேண்டாம் என்று நாமே ஒரு கெடு வைத்துக்கொள்வது நல்லது.

கொடிவேரி: சமமான அருவி, சமமில்லாத ஆழம்

கோபிசெட்டிபாளையத்தை அடுத்து, சத்தியமங்கலம் சாலையில் பவானி ஆற்றின் குறுக்கே இருக்கிறது கொடிவேரி தடுப்பணை. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்கு இங்கிருந்துதான் தண்ணீர் பிரிகிறது. அணையின் நீளத்துக்கும் தண்ணீர் ஒரே சீராக வழிந்து விழுவதால், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் முதுகைக் காட்டி நிற்கலாம். மேலே பவானிசாகர் அணையில் தண்ணீர் கூடுதலாகத் திறந்தால் இங்கே குளிக்கத் தடை வரும். கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தைச் செய்தியிலோ தெரிந்தவரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

அருவிக்கு அடியில் நிற்பது ஒன்று, அதைத் தாண்டி ஆற்றுக்குள் நடப்பது வேறு. விழும் தண்ணீர் அரித்த பள்ளங்கள் வெளியே தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் தண்ணீரில் இருப்பார். கயிறோ தடுப்போ கட்டியிருக்கும் இடத்தோடு நின்றுவிடுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் ஒருநாளில் முடியுமா?

முடியும், ஆனால் அலுப்புதான் மிஞ்சும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊருக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் உச்சவரம்பும் வந்தது: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நமக்கு இருப்பதோ ஞாயிறு மட்டும். அன்றுதான் போட்டியும் அதிகம். அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸ் தேவையில்லை. சீசனில் குன்னூர் வழியாக மேலே போய், கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் பாதையும் வழக்கம் என்பதால், நேரத்தைத் தாராளமாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீரில் ஒருவர் தத்தளித்தால்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் மேல். சினிமாவில் காட்டுவதுபோல் மூழ்குகிறவர் “காப்பாத்துங்க” என்று கத்துவதில்லை. மூச்சுக்கே வாய் போராடும்போது குரல் எங்கிருந்து வரும்? தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் வந்து வந்து போகும். பத்தடி தள்ளி நிற்பவர் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பார். குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போது ஒரு பெரியவர் அவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கையில் செல்போன் கூடாது.

ஒருவர் மூழ்குவதைப் பார்த்ததும் நண்பன் குதிக்கிறான், அவனைக் காப்பாற்ற அண்ணன் குதிக்கிறார். ஒரே குடும்பத்தில் மூன்று பேர், ஒரே கம்பெனியில் இரண்டு பேர் என்று செய்தி வருவது இப்படித்தான். பயிற்சி இல்லாதவர் குதிக்கக் கூடாது. கரையில் படுத்துக்கொண்டு எதையாவது நீட்டுங்கள், எதையாவது வீசுங்கள். நாம் துணி ஊர்க்காரர்கள். நம்மிடம் இல்லாத கயிறா? இரண்டு வேட்டியோ, சேலையோ, துப்பட்டாவோ இறுக முடிச்சுப் போட்டால் கயிறு தயார். மூடி இறுக்கிய காலி தண்ணீர் கேனை அதன் முனையில் கட்டி வீசினால் பிடித்துக்கொண்டு மிதக்கலாம்.

வெளியே எடுத்தவர் மூச்சு விடவில்லை என்றால், தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. 108-க்கு ஒருவர் போன் செய்யட்டும். இன்னொருவர் உடனே வாயோடு வாய் வைத்துச் சுவாசம் கொடுத்து, நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தம், 2 முறை சுவாசம் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை தொடர வேண்டும். நிறையக் கம்பெனிகளில் முதலுதவிப் பயிற்சி நடக்கிறது. அடுத்த முறை நடக்கும்போது கடைசி வரிசையில் உட்காராமல் முன்னால் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறுப்பும் நமக்கு உண்டு. பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து நம்மோடு பக்கத்து மிஷினில் தைக்கிற பையன்களும் ஞாயிற்றுக்கிழமை இதே இடங்களுக்குத்தான் போகிறார்கள். ‘ஆழமான பகுதி’ என்ற தமிழ் போர்டு அவர்களுக்கு வெறும் கோடுகள்தான். தெரிந்த நாலு இந்தி வார்த்தையில், இல்லையென்றால் கை ஜாடையில் சொல்லிவிடுங்கள். ஒரு உயிர் மிச்சமாகும்.

வெயில் சும்மா விடாது

மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது, அது உயிரைக் குடிக்கிற விஷயம் என்பதால்தான். காலை 11 முதல் மாலை 3.30 வரை நிழலில் இருக்கும்படி நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பி, எட்டுக்குள் இடத்தைச் சேர்ந்து, பதினொன்றுக்குள் சுற்றி முடித்து, மரத்தடியில் சாப்பிட்டுப் படுத்து எழுந்து, மூன்றரைக்கு வண்டியைக் கிளப்புவது நல்ல திட்டம்.

தண்ணீரில் நிற்பதால் தாகம் தெரியாது. ஆனாலும் உடம்பு வற்றும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர், வழியில் நுங்கு, இளநீர். மெடிக்கலில் நாலு ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். தலைவலி, வாந்தி, கால் பிடித்து இழுப்பது வந்தால் நிழலுக்குப் போங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பவாதம். ஈரத்துணி போர்த்தி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மூடிய வண்டிக்குள் குழந்தையை ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள்.

கட்டுச்சோறு என்றால் புளிசோறும் எலுமிச்சைச் சோறும்தான் தாங்கும். தயிர்சோறு கட்டினால் மதியத்துக்கு முன்பே தீர்த்துவிடுங்கள். முட்டை, கறி வகைகளை வெயிலில் வைத்திருந்து சாயங்காலம் சாப்பிட வேண்டாம். இலையிலோ டப்பாவிலோ கட்டினால் குப்பையும் மிஞ்சாது. கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவருவதும் பயணத்தில் சேர்த்திதான். சாயம் கலந்த ஆற்றின் வலி நம்மைவிட யாருக்குத் தெரியும்? அமராவதியும் பவானியும் இன்னொரு நொய்யலாக வேண்டாம்.

கிளம்பும் முன் ஒரு பார்வை

வண்டி ஓட்டுபவர் ஏழு மணி நேரமாவது தூங்கினாரா? அருவியில் குளிக்க இன்று அனுமதி உண்டா? வானிலை மையம் மலைப் பகுதிக்கு மழை எச்சரிக்கை விட்டிருக்கிறதா? குழந்தைகளைப் பார்க்க யார் முறை? எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லியாயிற்றா? தண்ணீருக்குப் பக்கத்தில் சரக்கு கிடையாது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்றா? கடைசிக் கேள்விக்குத்தான் ஆண்கள் கூட்டத்தில் பதில் வர நேரமாகும். அதற்குப் பதில் வராமல் வண்டியை எடுக்காதீர்கள்.

திங்கட்கிழமை காலை சைரன் ஊதும்போது கைமடிக்கு வரும் அக்கா, கட்டிங் மாஸ்டர், செக்கிங் பொண்ணு, பக்கத்து மிஷின் பையன் எல்லோரும் அவரவர் இடத்தில் இருக்க வேண்டும். முதுகு கொஞ்சம் வலிக்கலாம், முகம் கொஞ்சம் கறுத்திருக்கலாம். “அடுத்த வாரம் எங்கீங்க?” என்று யாராவது கேட்டால், அந்த ஞாயிறு நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம்.